பாட்டம் எடுத்தவருக்கு நான் சொன்ன ஃபீஸ் கணக்கு

போடியில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் பிரிவைப் பதினோரு வருஷம் பார்த்தேன். கடன் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், மேஜையைத் தட்டிக் கத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். கடன் வேண்டாம் என்று சொல்லி ஒருவர் என் ஈரக்குலையை நடுங்க வைத்தது ஒரே ஒரு தடவைதான்.

1. ரசீது

ராசிங்காபுரத்து முருகேசன் போடிமெட்டுக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். ஒரு ஜூலை மாதம் மகள் கவிதாவோடு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். உட்காருவதற்கு முன்பே மேஜைமேல் மைசூர்பாகுப் பொட்டலத்தை வைத்தார்.

"லோனு வேண்டாம் மேடம். பாப்பாவுக்கு இன்ஜினியரிங் சீட்டு வாங்கிட்டேன். காசு பூராம் கட்டியாச்சு. இனி நாலு வருஷத்துக்குக் கவலையில்ல."

ரசீதை வாங்கிப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டா, ஒன்றரை லட்சம். கீழே சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், முதல் வருஷத்துக்கு மட்டும் என்று இருந்தது.

"அண்ணே, இது ஒரு வருஷத்துக்குத்தான்."

அவர் சிரித்தார். "சும்மா வெளையாடாதீங்க மேடம். நீங்கதான சொன்னீங்க? ஏப்ரல்ல வந்து, இன்ஜினியரிங் படிக்க வைக்க எம்புட்டு ஆகும்னு கேட்டேன்ல? ஒண்ணரை லட்சம் ஆகும், ரெடி பண்ணிக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன். நான்தான் சொன்னேன். அன்றைக்குக் கவுண்டரில் கூட்டம், காதில் போன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். ஃபீஸ் என்றால் வருஷத்துக்குத்தான் என்பது எங்கள் ஆபீஸில் சொல்லாமலே புரியும். ஆனால் முருகேசன் எங்கள் ஆபீஸ் ஆள் இல்லையே!

மலையில் தோட்டக் குத்தகைக்குப் பாட்டம் என்று பேர். நாலு வருஷத்துக்குப் பேசினால் மொத்தக் காசையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். அப்புறம் நாலு வருஷமும் காய் எடுத்துக்கொள்ளலாம், யாரும் வந்து மறுபடி காசு கேட்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் இருப்பவரிடம் 'ஒன்றரை லட்சம் ஆகும்' என்றால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? என் அப்பாவே பாட்டத்துக்குத் தோட்டம் எடுத்தவர். எனக்கா இது தெரியாது?

2. தாளின் பின்பக்கம்

"காசு எப்படிப் புரட்டுனீங்க?" என்றேன். கேட்கவே பயமாக இருந்தது.

"கீழ வயலுல பத்து சென்ட்டு, கிணத்துப் பங்கோட. அவசரம்ல, வந்த வெலைக்குக் குடுத்தாச்சு. போன வாரம் பத்திரம் முடிஞ்சிருச்சு."

ஐயோ, கிணறுமா போச்சு! ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். ஃபீஸ் நாலு வருஷத்துக்கு, ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம், லேப்டாப், பஸ்சு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினேன். முருகேசன் மொத்தத்தைப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"தோட்டத்த வித்துக் கட்டலாம்னா அது நம்ம தோட்டமும் இல்லையே மேடம்" என்றார்.

எனக்குக் கோபம் அந்தப் பெண்மேல் திரும்பியது. பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை. "ஏம்மா, ரசீதை நீ படிக்கலையா?"

"படிச்சேன் மேடம். காசு கட்டுன எடத்துலயே படிச்சேன்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"அதுக்குள்ள பத்திரம் முடிஞ்சிருச்சே மேடம். அப்பா காலேஜ் வாசல்ல நின்னு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிக்கிட்டு இருந்தாரு. ஒரு வருஷம் படிச்சிட்டு, படிப்பு ஏறலன்னு சொல்லி வீட்டுக்கு வந்துருவோம்னு நெனச்சேன்."

"ஏ ஆத்தா..." என்றார் முருகேசன்.

3. ஒரு நாள் மிச்சம்

கவிதா படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அரசு கவுன்சலிங்குக்குப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அது நல்லதாய்ப் போயிற்று. கல்லூரி விருப்பப் பட்டியல் கொடுக்க மறுநாள் மாலைவரை நேரம் இருந்தது. தனியார் சீட்டு கிடைத்ததால் கவிதா அந்த வெப்சைட்டைத் திறக்கவே இல்லை. கட் ஆஃப் கேட்டேன். சொன்னாள். அரசு கல்லூரியே கிடைக்கும் மார்க்! எனக்கு அழுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

முருகேசன் தயங்கினார். "காசக் குடுத்துட்டுப் பின்வாங்குனா பேச்சு மாறுனதா ஆகாதா மேடம்? பாட்டத்துல அப்படிச் செஞ்சா அடுத்த தடவ ஒருத்தன் தோட்டம் குடுக்க மாட்டான்."

"அண்ணே, இது பாட்டமில்ல! சீட்டு வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தத் தருவாங்க. வெரசா எந்திரிங்க!"

மேனேஜரிடம் வெளியே சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இருவரையும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். பட்டியலை முடித்து வெளியே வந்தபோது மூவருமே மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை.

கவிதாவுக்கு அரசு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டல் செலவுக்கு எங்கள் கிளையிலேயே கடன் கொடுத்தோம். தனியார் கல்லூரிக்கு நடையாய் நடந்து பெரும்பகுதிப் பணத்தை வாங்கினார் முருகேசன். கிணற்றுப் பங்கைத் திருப்பிக் கேட்டார். வாங்கியவர் கொடுக்கவில்லை. மிச்ச வயல் இப்போது மழையை நம்பிக் கிடக்கிறது.

கடன் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேரும் சின்னவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தொகையைச் சொல்வதற்கு முன்னால் எத்தனை வருஷத்துக்கு என்று சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் சொன்னதைக் கேட்க வந்தவர் வாயால் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த அரை நிமிஷத்தை நான் முருகேசனுக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் முருகேசன் மறுபடி வந்தார், கூட ஒருவரோடு. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"மேடம், இவன் என் மச்சினன். மகனப் படிக்க வைக்கணுமாம். உங்ககிட்டதான் கேக்கணும்னு கூட்டியாந்தேன். இவனுக்காச்சும் முழுசாச் சொல்லுங்க."