கடமை முடிந்த பிள்ளை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயது முடிந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழும் பூவேலை செய்த தலையணை உறையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டபோது அதிபர், "எங்கடை கடமை முடிஞ்சுது, ரீச்சர்," என்றார்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி, குருநகர் மீனவர் ஒருவரின் பிள்ளை. பன்னிரண்டு வருடம் எங்களிடம் இருந்தாள். வாய்க்கு முன்னால் கடதாசித் துண்டைப் பிடித்து, அது ஆடும்வரை 'ப' சொல்ல வைத்தோம். கையால் கதைத்தால் அடித்தோம். நானும் அடித்திருக்கிறேன். தனியே பஸ் ஏறவோ, ஓரிடத்தில் போய் வேலை கேட்கவோ ஒருவரும் பழக்கவில்லை. அந்த வெட்கம்தான் ஆறு மாதம் கழித்து என்னை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனது.

போரால் கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். தகப்பன் எங்கோ வெளியே போயிருந்தார். பின்னறையில் இருந்தவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். வேலை வேண்டும் என்று சைகையால் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

யாழ்ப்பாண ரவுணில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்க ஆள் தேடினார்கள். தகப்பனிடம் கோயிலுக்கு என்று சொல்லி, தாய் அவளை என்னோடு அனுப்பினார். முதலாளி அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"பொம்மர் குண்டு போட வந்தால் உவளுக்குக் கேக்காது. ஆர் பொறுப்பு?"

"காது கேக்கிற சனம் எத்தினை செத்துப்போச்சு. அதுகளுக்கு ஆர் பொறுப்பெடுத்தது?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கடைசியில் ஒரு கிழமை பழகிப் பார்க்கட்டும் என்றார். அந்தக் கிழமை முழுக்கத் தாய் அதே பொய்யைச் சொல்லி அனுப்பினார். முடிவில் அவள் ஒரு மரண அறிவித்தலைக் கோர்த்தாள். மூன்று பிழை. பக்கத்தில் இருந்த அனுபவசாலி கோர்த்ததில் ஐந்து. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை தகப்பனுக்குத் தெரிந்துவிட்டது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுறம். வீட்டிலை ஒரு ஊமை இருக்கெண்டு ஊர் முழுக்கக் காட்டப் போறியளோ?"

அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டை வாசிக்க நாங்கள்தானே பழக்கினோம். ஒரு சொல்லும் தப்பாமல் அவளுக்கு விளங்கியது. அந்த மனிதரை அடித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அவள் உள்ளே போய் ஒரு கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். தகப்பன் வாங்கவில்லை. தமக்கை வாங்கிச் சத்தமாக வாசித்தாள்: "நான் ஊமை இல்லை. நான் வேலை ஆள். நாளை போறேன்."

வாசித்து முடித்துத் தாளை மடித்தாள். "என்னைச் சாட்டி இவளைப் பூட்டி வைக்காதேங்கோ, அப்பா," என்றாள்.

மறுநாள் தமக்கைதான் அவளை அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த கிழமை அவள் தனியே போனாள். அந்தச் சம்பந்தம் குழம்பி நின்றுபோனது. தகப்பன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. தமக்கைக்காக மனம் நொந்தேன். அவர் கதைக்காததற்கு நோகவில்லை. கடதாசித் தட்டுப்பாட்டால் அச்சகம் மூடும்வரை அவள் அங்கே வேலை செய்தாள்.

இதைச் சொல்லி, பெரிய பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் பழக்க அனுமதி கேட்டேன். குமர்ப்பிள்ளைகள், ஏதும் நடந்தால் பள்ளிக்கூடத்துக்குத்தான் பெயர் கெடும் என்றார் அதிபர். பெயர்! அடுத்த சனிக்கிழமை நான்கு பேரைப் பக்கத்திலிருந்த திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கம் கேட்டு அதிபரிடமிருந்து கடிதம் வந்தது. அதற்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை.