வாயை மட்டும் அசைத்த ஆறு பேர்

பள்ளிக்கூடங்களுக்குள் பாட்டுப் போட்டி வைத்தால் பிள்ளைகளிடம் சங்கீதம் வளரும் என்கிறார்கள். வளரும். எங்கள் பள்ளியில் வளர்ந்தது. அதை நான் மறுக்கவில்லை. எப்படி வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

நான் மர்பி டவுனில் வளர்ந்தவள். அப்பா தண்டில், பட்டாளத்தார் இருந்த பகுதியில், ஒரு ராணுவ உடுப்புக் கடையில் தையல்காரர். இரண்டாம் உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு ஓரிரு வருஷம் முன்னால் நான் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்கென்று அங்கே ஒரு வகுப்பு கிடையாது. ஒரு பியானோ இருந்தது. அதன் மேல் தேசப்படங்களைச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள்.

அந்த வருஷம் தண்டுப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பாட்டுப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. முதல் மூன்று இடத்தில் ஒன்று கிடைத்தால் வாரம் இரண்டு பாட்டு வகுப்பு, கிடைக்காவிட்டால் அந்த நேரமும் தையலுக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். தையலை நான் வீட்டிலேயே வேண்டிய மட்டும் பார்த்திருந்தேன். எனக்குப் பாட்டுதான் வேண்டும். சாயங்கால ஜெபத்தில் அப்பா கீர்த்தனை பாடுவார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போவார், நானும் கூடவே வழுக்கிக்கொண்டு போவேன். பாட்டு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். போட்டிக்குப் பெயர் கேட்ட அன்றே நான் பாடப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கேட்க வருகிறேன் என்றார்.

மேடையில் முப்பது பேர் நிற்க வேண்டும் என்பது போட்டியின் விதி. ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் சேர்த்தாலே நாங்கள் முப்பது பெண்கள்தான். ஆகவே யாரையும் கழிக்க முடியாது. பியானோ வாசிக்கத் தெரிந்த ஒரு டீச்சரிடம் எங்களைப் பழக்கும் பொறுப்பை விட்டார்கள். அவர் ஒவ்வொருத்தியாகப் பியானோ பக்கம் நிறுத்திப் பாடச் சொன்னார். சீமையில் வெள்ளையாகப் பனி கொட்டுவதைப் பற்றிய இங்கிலீஷ் பாட்டு. நாங்கள் யாரும் அந்தப் பனியைப் பார்த்ததில்லை. என் முறை வந்தது. இரண்டு வரிக்கு மேல் அவர் கேட்கவில்லை.

"உன் குரல் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. புழு மாதிரி நெளியுது."

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். நேராக்கிப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் குரலே வரவில்லை. வந்தால் நெளிந்தது. அந்த வாரக் கடைசியில் என்னையும் இன்னும் ஐந்து பேரையும் தனியாக நிறுத்தினார். அந்த ஐந்து பேருக்குச் சுருதியே தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் வரிசை ஒன்றுதான்.

"நீங்க ஆறு பேரும் மேடையில நிப்பீங்க. வாய் அசையணும், சத்தம் வரக்கூடாது. வந்தா எல்லாருக்கும் தையல்தான்."

டீச்சர் கெட்டவர் இல்லை. மற்ற பள்ளிகளிலும் இதையேதான் செய்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பயிற்சியின்போது எங்கள் வாயருகே காதை வைத்துக்கொண்டு நடப்பார். மூச்சுச் சத்தம் கேட்டாலும் ஸ்கேலால் ஒரு தட்டு. மற்றவர்கள் எங்களை ஊமைக் கோஷ்டி என்றார்கள். போட்டியன்று எல்லோருக்கும் தொண்டைக்குக் கற்கண்டு கொடுத்தபோது நானும் கை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவள், "ஏண்டி, ஊமைக்கு எதுக்குடி கற்கண்டு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் கடை மேஸ்திரியிடம் கெஞ்சி அரை நாள் ரஜா வாங்கிவிட்டார். அதற்கு ஈடாக இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகாமல் கடையில் உட்கார்ந்து தைத்தார். அவர் கோயிலைத் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. இதற்கு மேல் எந்த வாயால் சொல்வேன்?

என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஆறு பேரில் என் வாயசைப்புதான் சுத்தம் என்று டீச்சரே சொன்னார். ஹாலின் கடைசியில், சுவரோரம் அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு நின்றிருந்தார். பாட்டு தொடங்கியது. வாயைத் திறந்து திறந்து மூடினேன். கடைசி வரியில் ஒரே ஒரு சுரத்தை, யாருக்கும் தெரியாமல், விட்டுவிடலாமா என்று ஆசை வந்தது. அந்த ஒன்று நெளிந்தால் முப்பது பேருக்கும் பாட்டு வகுப்பு போய்விடும். விடவில்லை.

இரண்டாம் இடம் கிடைத்தது. மார்க் போட்ட துரைசானி தன் குறிப்பை வாசித்தார். தலைமையாசிரியை அதைப் பெற்றோருக்குத் தமிழில் சொன்னார். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது பெண் முகம் முழுவதாலும் பாடுகிறாள், வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவு, மற்றப் பள்ளிப் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இடமிருந்து மூன்றாவது நான்தான். கைதட்டினார்கள். டீச்சர் பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா சொன்னார்:

"முப்பது பேர்ல உன் கொரலு மட்டும் தனியா கேட்டுச்சும்மா. கண்ண மூடிக்கினு கேட்டேன். அப்பவும் கேட்டுச்சு."

ஆமாம்பா என்றேன்.

அடுத்த ஞாயிறு அக்கம்பக்கத்தாரை வீட்டுக்குக் கூப்பிட்டு என்னைப் பாடச் சொன்னார். அந்தப் பாட்டை நான் இத்தனை பேர் முன்னால் குரல் விட்டுப் பாடியது அன்றுதான். முதல் வரியிலேயே நெளிந்தது. பெண்கள் நல்லாயிருக்கு என்றார்கள். அப்பா தலையை ஆட்டினார்.

"அன்னிக்கி மாதிரி பாடும்மா. அங்க நேரா, கணீர்னு வந்துச்சே."

மறுபடியும் பாடினேன். மறுபடியும் நெளிந்தது. "கூச்சப்படுது. நீங்கெல்லாம் ஹால்ல கேட்டிருக்கணும்" என்று அவர்களிடம் சொன்னார். என்னிடமிருந்த ஒரே குரலுக்காக என் அப்பா ஊராரிடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டு வகுப்பு வந்தது. தேசப்படங்கள் பியானோவை விட்டு இறங்கின. டீச்சர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். சுரம் எழுதவும் படிக்கவும் நானும் கற்றுக்கொண்டேன். எங்களோடு மேடையில் நின்று பாடிய இரண்டு பெண்கள் பின்னால் பாட்டு டீச்சர்களாகவே ஆனார்கள். போட்டி இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன?

அந்த மாதமே சாயங்கால ஜெபத்தில் அப்பா பாடும் விதம் மாறியது. கீர்த்தனையைத் தொடங்கிவிட்டு, வழுக்க வேண்டிய இடத்தில் விறைப்பாக நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. என் சங்கீதத்துக்கு ஈடு கொடுக்கப் பார்க்கிறார் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவருக்கு அது வரவே இல்லை. ஒரு நாள் பாதியில் நிறுத்தி, வெட்கத்தோடு சிரித்தார்.

"எனக்கு இழுத்துப் பாடித்தான் பழக்கம். நீ பாடும்மா, நான் கேக்குறேன்."

அதற்குப் பிறகு அவர் ஜெபத்தில் பாடவில்லை. நான் தனியாகப் பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.