அக்காவும் வக்கீலும்

சேணத்தின் வயிற்றுப்பட்டையை அக்கா இறுக்கும்போதெல்லாம் அந்தக் குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் மூச்சை விடும். பட்டை தொளதொளத்துப் போகும். தெரியாமல் ஏறியவர் சேணத்தோடு சரிந்து மண்ணில் விழுவார். முதல்முறை அப்படி விழுந்தபோது அக்கா கோபப்படவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

மலேசியாவில் ஷா ஆலம் நகருக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் அவள் பயிற்சியாளராக இருந்தாள். பந்தயத்தில் ஓடி, ஒதுக்கப்பட்டு அங்கு வந்து சேர்ந்த குதிரை அது. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைத்திருந்ததால் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்தாள். அங்கவடியில் கால் வைக்கும் நேரம் பார்த்து ஓரடி நகரும். மைதானத்தின் வாசல் பக்கம் வந்தால் வேரூன்றியது போல் நின்றுவிடும். பிரம்பைக் கண்டால் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பும்.

அக்கா பிரம்பைத் தொடவே இல்லை. அது நகர்ந்தால் காலை இறக்கி, பழைய இடத்துக்கே கூட்டி வந்து மறுபடி ஆரம்பிப்பாள். வாசலில் நின்றால் அங்கேயே சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வைப்பாள். சுற்றிச் சலித்து, நேராகப் போவதே மேல் என்று அது நடக்கும். வேலை முடிந்து அவளைக் கிள்ளானில் உள்ள வீட்டுக்கு அழைத்துப்போக வரும் நான் வேலியோரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"இது முட்டாள் இல்லடா தம்பி. எது சுலபம்னு கணக்குப் போடுது. நான் சொல்றதுதான் சுலபம்னு அதுக்குப் புரியணும், அவ்ளோதான் லா" என்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் புரிந்துகொண்டது. அவள் ஏறும்வரை சிலையாக நின்றது. அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. சிகிச்சை தொடங்கியபின் அவளால் ஏற முடியவில்லை. மற்றவர்களிடம் வக்கீல் பழைய குணத்துக்குத் திரும்பியது. ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒரே ஆளுக்கு அடங்கும் குதிரையை வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியின் முதலாளியம்மா சொல்லிவிட்டார். எங்கே அனுப்புவார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

மற்றவர்களுக்கும் அது அடங்கப் பழகட்டும் என்று அக்கா வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னொரு பயிற்சியாளரை ஏறச் சொன்னாள். வக்கீல் அவரைச் சுமந்துகொண்டே நேராக நாற்காலியிடம் வந்து நின்றது. எவ்வளவு இழுத்தும் திரும்பவில்லை. அன்று காரில் ஏறியதும் அக்கா மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நான் கண்ணுல படுற வரைக்கும் அது வேற யாரு பேச்சையும் கேக்காது. இனிமே நான் அதுகிட்ட போக மாட்டேன்" என்றாள்.

அதன்பின் காரை வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்துவேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளம்புச் சத்தத்தைக் கேட்பாள். அவள் சொல்வதை நான் நடந்துபோய்ப் பயிற்சியாளரிடம் சொல்வேன். காற்று மைதானத்தை நோக்கி அடித்தால், தன் வாசம் அதற்குப் போய்விடும் என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். சிகிச்சையில் மெலிந்த உடம்பு வியர்வையில் நனையும்.

ஒரு மாலை, குளம்புச் சத்தம் தடைபடாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"வாசலத் தாண்டிடுச்சா?"

இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, தாண்டிவிட்டது என்றேன். ஒரே ஒரு தடவை போய்த் தொட்டுவிட்டு வரும்படி கெஞ்சினேன்.

"வேணாம்டா. இப்பதான் மறக்க ஆரம்பிச்சிருக்கு. நல்லா மறக்கட்டும்."

தீபாவளிக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன் பள்ளிக்குள் நுழைந்தேன். வக்கீலின் கண்களைச் சுற்றி நரைத்திருந்தது. ஒரு சிறுமி தட்டுத்தடுமாறி ஏறும்வரை அசையாமல் நின்றது. அருகில் போய்க் கையை நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சிறுமியின் அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "பயமே இல்லண்ணே, யாரு வேணா ஏறலாம். பொறவியிலயே சாதுவான குதிர போல."

"ஆமாம்மா" என்றேன்.