மல்லித்தண்ணிக்குக் கிடைத்த பெயர்

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில் நான் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருக்கிறது. தாய்க்கு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. கிழமையில் மூன்று நாள், விடிய நாலரைக்கே வீட்டைவிட்டு இறங்க வேண்டும். தகப்பன் இரவில் லொறி ஓடுபவர். அதனால் திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் பிள்ளை முதலாம் மாடியில் என்னோடு படுக்கும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் காலமாகி ஆறு வருடம். அந்த மூன்று இரவும்தான் எனக்குக் கிழமை. மிச்ச நாட்கள் சும்மா வந்து போகிறவை.

போன குளிர்காலம் கட்டடத்தில் ஹீற்றர் தொடங்கிய கையோடு பிள்ளை இருமத் தொடங்கினாள். பகலில் ஒன்றும் இல்லை. படுத்து ஒரு மணித்தியாலம் போனதும், நாய்க்குட்டி குரைப்பது போல வறட்டு இருமல் வரும். டொக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்றாராம். ஆனால் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தாய் வாசலிலேயே நின்றாள்.

"ஆச்சி, கோவிக்காதேங்கோ. மேல படுத்தால் இவள் இருமிறேல்ல. இங்க படுத்தால்தான் இருமிறாள்."

"குளிர் பிள்ளை. முதலாம் மாடியெல்லே, நிலம் கிட்ட."

"என்னவோ தெரியேல்ல. இந்தக் கிழமை பாப்பம். சரிவராட்டி நான் வேலையில நேரத்தை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கிறன்."

நேரத்தை மாற்றினால் பிள்ளை கீழே வராது. உடனே, இருக்கிற புத்தியையெல்லாம் பாவித்து, எல்லாவற்றையும் இன்னும் மோசமாக்கினேன்.

என் வீட்டு ஹீற்றரின் திருகியில் ஐந்து வரைதான் இலக்கம். ஆறு இருந்திருந்தால் ஆறில் வைத்திருப்பேன். பிள்ளையின் கட்டிலை ஹீற்றரோடு ஒட்டித் தள்ளினேன். யன்னல் இடுக்கில் கணவர் உடுத்த பழைய சாரத்தை அடைத்தேன். சாம்பிராணி காட்டினேன். பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி, இரண்டு சோடி காலுறை, கழுத்தில் ஒரு சால்வை. பார்த்தால் உரிக்காத வெங்காயம் படுத்திருப்பது போல இருக்கும்.

"ஆச்சி, உங்கட வீடு சுடுது," என்றாள் வெங்காயம்.

"பேசாமல் படு குஞ்சு. குளிர் பிடிச்சிடும்."

அன்றிரவும் இருமினாள். இன்னொரு போர்வை போட்டேன்.

புதன்கிழமை என்னுடைய தோய்க்கிற முறை. எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் நிலவறையில் இருக்கிறது. ஆளுக்கொரு நாள். பக்கத்திலேயே காயவிடுகிற அறை. தோய்த்து முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், முதல்நாள்காரியின் துணி இன்னும் கொடியில் தொங்குகிறது. அவ என் வயதுச் சுவிஸ் பெண், நிலத்தோடு இருக்கிற வீடு. கதவைத் தட்டி "உங்கள் துணியை எடுங்கள்" என்று சொன்னால் சரி. அவவும் "மன்னிக்க வேணும்" என்று சொல்லி எடுத்திருப்பா. ஆனால் நான் பஸ்ஸில் மணியை அமத்தக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற தரிப்பிடத்தில் இறங்கி நடந்து வருகிறவள். கதவைத் தட்டுவேனா?

ஈரத் துணியை முழுதாக மேலே சுமந்து வந்தேன். வீட்டுக்குள் ஈரம் காயவிடக் கூடாது என்பது கட்டடத்தின் சட்டம். ஆகவே, களவு செய்கிறவள் போல யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, அலுமாரிக் கைபிடிக்கும் கதவுக் கைபிடிக்கும் கயிறு கட்டி, படுக்கை விரிப்பு நான்கையும் படுக்கையறையில் போட்டேன். பிள்ளைக்குப் புளுகம், துள்ளிக் குதித்தாள். கூடாரம் என்று சொல்லிக்கொண்டு கீழே தவழ்ந்தாள். வறுத்த கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு நான் காய்ச்சின மல்லித்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

அன்று இரவு ஒரு இருமல்கூட இல்லை. இருமினாலும் பயம், இருமாவிட்டாலும் பயம் என்று நான்தான் மூன்று தரம் எழும்பி மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்த தாய் கேட்டாள்:

"எப்பிடி ஆச்சி ராத்திரி?"

"ஒரு செருமல்கூட இல்லை."

"உண்மையாவோ? என்ன குடுத்தனீங்கள்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

"மல்லித்தண்ணி. வேர்க்கொம்பு கொஞ்சம் கூடப் போட்டனான்," என்றேன். அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "மேலயும் குடு. ஹீற்றரை நல்லாக் கூட்டி விடு. யன்னலைத் திறவாதை. அப்பதான் மருந்து நெஞ்சில நிக்கும்."

அவள் ஒரு போத்தல் மல்லித்தண்ணியோடு மேலே போனாள். பின்னேரம் அவளோடு குசினியில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் எனக்குப் போன் எடுத்தார்கள். போன் அடித்தால் அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற நான், "மல்லியைக் கருக விடக்கூடாது, மணம் வரேக்க இறக்க வேணும்" என்று பெரிய வைத்தியர் போலக் கதைத்தேன்.

வெள்ளிக்கிழமை விரிப்புகள் காய்ந்து அலுமாரிக்குள் போய்விட்டன. மல்லித்தண்ணியை இன்னும் கடுமையாகக் காய்ச்சினேன். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். பத்தரைக்கு இருமல் வந்தது. மல்லி அதே மல்லி, பானை அதே பானை. கட்டில் ஓரத்தில் இருந்து அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். வெறுங்கயிறு மட்டும் தொங்கியது.

அப்போதுதான் அந்த வெள்ளைப் பெட்டி ஞாபகம் வந்தது.

பதினொரு வருடம் சூரிச்சில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்தேன். குளிர்காலம் வந்தால் அங்கே ஒரு அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைப்பார்கள். அதற்குள் தண்ணீர் நிரப்புவது என் வேலை. நிரப்பி விட்டால் மெல்ல ஆவி விடும். பக்கத்தில் ஒரு பூச்சாடி. வெள்ளைக்காரர் பூமரத்துக்கும் ஆவி பிடிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு பதினொரு குளிர்காலமும் நிரப்பினேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். பெட்டி வருமுன் அந்த அம்மா இருமுவா, வந்த பிறகு இருமமாட்டா. இதையும் கண்டேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாடியில் இருந்தது பிளாஸ்டிக் பூ. கிழமைக்கொரு தரம் அதைத் தூசு தட்டியதும் நான்தான்.

ஹீற்றர் சூட்டில் அறைக் காற்று வறண்டுதான் பிள்ளை இருமுகிறாள் என்று இப்போதுதான் பிடிபட்டது. எழும்பி, இரண்டு பெரிய துவாயை நனைத்துப் பிழிந்து கயிற்றில் போட்டேன். திருகியை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். கட்டிலை இழுத்து ஹீற்றருக்குத் தூரமாக்கினேன். தொப்பியைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் இருமல் ஆறிப் பிள்ளை தூங்கினாள்.

சனிக்கிழமை தாய் கேட்டபோது, "நல்லா நித்திரை கொண்டவள்," என்று மட்டும் சொன்னேன். துவாயைப் பற்றி மூச்சு விடவில்லை. மல்லித்தண்ணிக்கு வந்த பெயர் இரண்டு நாளாவது இருக்கட்டும் என்று ஓர் ஆசை. எழுபது வயதுவரை எனக்கு ஒரு விஷயத்திலும் பெயர் வந்ததில்லை.

ஞாயிறு பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால், வெறும் போத்தலும் கையுமாகத் தாய். இடுப்பில் பிள்ளை. இரண்டு பேருக்கும் கண்ணெல்லாம் வாடியிருந்தது.

"ஆச்சி, இப்ப மேலயும் இருமிறாள். நீங்கள் சொன்னமாதிரித்தான் எல்லாம் செய்தனான். யன்னல்கூடத் திறக்கேல்ல. இங்க சுகமாப் படுக்கிறவள் என்னட்ட வந்தால் இருமிறாள். நான் என்ன ஆச்சி பிழை விட்டனான்?"

தன்மேல் பிழை தேடுகிறாள். என்னுடைய பெயருக்காக இந்தக் குஞ்சு மேலே கிடந்து இருமியிருக்கிறது. காது இரண்டும் சுட்டன.

"நீ ஒண்டும் பிழை விடேல்ல. உள்ள வா," என்று கூட்டிப்போய்ப் படுக்கையறையைக் காட்டினேன். கயிறு, துவாய், திருகி, வெள்ளைப் பெட்டி, பிளாஸ்டிக் பூ, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது துவாயைத்தான் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. இனிப் பிள்ளையை என்னிடம் விடமாட்டாள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அவள் கைநீட்டித் துவாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அந்த ரெண்டு பேருக்கும் போனில மல்லி வறுக்கப் பாடம் நடத்தினது?"

"நீ சொல்லிவிடு பிள்ளை. எனக்குக் கூச்சமாக் கிடக்கு."

"பொய் சொல்லேக்க கூச்சம் வரேல்லையோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாள். "ஆச்சி, உங்களுக்குத் தெரியாதெண்டால் தெரியாதெண்டு சொல்லுங்கோ. அப்பதான் நான் பயமில்லாமல் இவளை விட்டிட்டு வேலைக்குப் போகலாம்."

போகலாம் என்றுதான் சொன்னாள். எனக்கு அது போதும். அவள் முன்னாலேயே போனை எடுத்து, இரண்டு பேருக்கும் நானே சொன்னேன். ஒருத்தி, மல்லித்தண்ணி குடித்துத் தன்னுடைய கணவரின் இருமல் நின்றுவிட்டது என்று அடித்துச் சொன்னாள். நான் வாதாடவில்லை.

திங்கட்கிழமை பிள்ளை தலையணையோடு வந்தாள். படுக்குமுன், அந்த அலுவலகத்தில் துப்புரவு முடிய பதினொரு வருடமும் செய்தது போல, யன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து வைத்தேன். திருகி இரண்டில். துவாய் கொடியில். பிள்ளை மெல்லிய சட்டையோடு சுகமாகப் படுத்தாள். குளிர் தாங்க முடியாமல் நான்தான் அவளுடைய கம்பளித் தொப்பியை இழுத்துப் போட்டு, இரண்டு சோடி காலுறையும் சால்வையுமாகப் பக்கத்தில் படுத்தேன்.

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆச்சி, இப்ப நீங்கள்தான் வெங்காயம்."