டிப்பரில் போன குளக்கரை

மே மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பதுக்கு, கோவைக்குத் தென்மேற்கே ஒரு குளத்தங்கரையில், பத்துச் சக்கர டிப்பர் லாரி ஒன்றின் படியில் ஒற்றைக் காலை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஓட்டுநர் செல்வராசு என் கையைப் பிடித்து இழுத்தார். கீழேயிருந்து தமயந்தி மேடம் “இடது கால் சார், இடது கால்” என்று வழிநடத்தினார். எது இடது கால் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

பீளமேட்டில் என் வீட்டிலிருந்து இந்தக் குளம் பதினொரு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். குளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் போவீர்கள், அங்கே நட்டுவைத்திருக்கும் பலகையைப் படிப்பீர்கள். அந்தப் பலகையை எழுதியவன் நான்.

பலகை வந்த கதை இது. சாலையை அகலப்படுத்தியபோது குளத்தின் கிழக்குக் கரையோரச் சதுப்பு தாருக்கடியில் போய்விட்டது. சம்பும் கோரையும் ஆள் உயரம் நின்ற இடம். தாழைக்கோழி முட்டையிட்ட இடம். அதற்கு ஈடாக மேற்குக் கரையில் முந்நூறு மீட்டருக்குப் புதிய சதுப்புப் பட்டை ஒன்று அமைக்க வேண்டும் என்று முடிவானது. அதற்குத் தாவரவியல் ஆலோசகர் தமயந்தி. நாற்பதைத் தாண்டியவர், கல்லூரி வேலையை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கியவர். அவர் திட்டம் எளிமையானது. பழைய சதுப்பின் மேல்சேற்றை ஓரடி ஆழம் வழித்தெடுத்து, நாற்பது லோடு, புதுப் பட்டையில் பரப்ப வேண்டும். விதைகளும் கிழங்குகளும் அதற்குள் தூங்குகின்றன. மழைத் தண்ணீர் ஏறினால் விழித்துக்கொள்ளும். வேறெதுவும் நடவேண்டியதில்லை.

நாற்பது லோடும் போட்டாயிற்று என்று சூப்பர்வைசர் நீட்டிய தாளில், ஒரு காய்ச்சல் நாளில், தமயந்தி கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் பலகைக்கு எழுதினேன்: ‘சம்பும் கோரையும் நீர்முள்ளியும் இங்கே தழைத்து நின்று பறவைகளுக்குத் தாய்வீடாகின்றன.’ நேரில் பார்க்காமல் எழுதுவதில் எனக்கு முப்பது ஆண்டுப் பயிற்சி.

அந்தப் பலகைக்குக் கீழே முளைத்தது பார்த்தீனியம். கிளறிப் பார்த்தால் உடைந்த டைல்ஸ், செங்கல், ஒரு குளியலறைக் குழாய். சேறு எங்கே என்று தமயந்தி விசாரித்துக்கொண்டே போனதில் அகப்பட்டவர் செல்வராசு. அவர் எதையும் மறைக்கவில்லை. “கெணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்குதுங்கக்கா. வாங்க, காட்டறேன்” என்று கூப்பிட்டார். பலகை எழுதிய பாவத்துக்கு நானும் சேர்ந்துகொண்டேன். தென்மேற்குப் பருவமழைக்கு மூன்று வாரந்தான் இருந்தது. பழைய சதுப்பு சாலைக்கடியில் இருக்கிறது. அந்தச் சேற்றைத் தவிர அந்தக் கரைக்கு வேறு விதை கிடையாது.

காலை ஆறு இருபது. உக்கடம் மேம்பாலத்தின் மேல் போனோம். டிப்பரின் உயரத்திலிருந்து பார்த்தால் கோவை அழகாகத்தான் இருக்கிறது, முகங்கள் தெரிவதில்லை. ஆத்துப்பாலத்தருகே நொய்யலின் வாசனை மட்டும் அந்த உயரத்துக்கும் ஏறி வந்தது. எட்டு மணிக்குள் ஊரைத் தாண்டாவிட்டால் லாரியைப் பிடித்துவிடுவார்கள் என்று செல்வராசு அழுத்திக்கொண்டிருந்தார். தினமும் கிணத்துக்கடவுக் கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஏற்றி வந்து கோவையில் கொட்டுகிறார். திரும்பிப் போகும்போது வண்டி காலி. சேறு போனது அந்தக் காலி வண்டியில்தான்.

“ஏனுங்க செல்வராசு, தோட்டத்துக்கு எதுக்குக் கொண்டுபோய்க் கொட்டுனீங்க?” என்று தமயந்தி கேட்டார். கோபத்திலும் ‘ங்க’ குறையவில்லை.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. குளத்துல மண்ணெடுத்தா தோட்டத்துக்குத்தான் கொட்டுவாங்க. எங்கப்பன் மாட்டு வண்டியில அதைத்தான் ஓட்டுனாரு. குளத்துச் சேத்தை எடுத்து மறுக்கா அதே குளத்துல கொட்டச் சொன்னா, எவனோ பேப்பர்ல தப்பா அடிச்சுப்போட்டான்னுதானுங்க நெனைச்சோம். சூப்பர்வைசருங்கூட படிச்சுப்போட்டுச் சிரிச்சாரு.”

“சிரிச்சவரு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“சிரிக்கறதுக்கெல்லாம் யாருங்கக்கா போன் பண்ணுவாங்க?”

“அப்ப புதுக் கரையில கொட்டுனது?”

“அங்க மண்ணுன்னு போட்டிருந்துச்சுங்க. ஊடு இடிச்ச மண்ணு சும்மா கெடந்துச்சு.”

தமயந்தி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈச்சனாரியில் செல்வராசு பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு கையால் கும்பிட்டார். நான் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தபடியால் மனத்தால் கும்பிட்டேன். மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் கடந்து ஏழு ஐந்துக்குக் கிணத்துக்கடவு. குளத்திலிருந்து இருபத்து நான்கு கிலோமீட்டர். டீ பதினைந்து ரூபாய். அதில் சர்க்கரை மட்டும் இருபது ரூபாய்க்கு இருக்கும்.

டீக்கடையில்தான் செல்வராசு அந்தச் செய்தியைச் சொன்னார். “கடைசி ரெண்டு லோடு மட்டும் பரப்பலீங்கக்கா. மூலையில குமிச்சே கெடக்குது. போன வாரங்கூடப் பாத்தேன்.”

தமயந்தி கிளாஸை வைத்துவிட்டார். ரெண்டு லோடு போதும் என்றார். கரையோரமாகத் திட்டுத் திட்டாக வைத்தால் நான்கைந்து வருடத்தில் அதுவே பரவிக்கொள்ளும். “கையெழுத்து என்னோடது சார். நாப்பது லோடுன்னு போட்டிருக்கறேன். ரெண்டாச்சும் நெசமா இருந்தா ராத்திரி தூங்குவேன்.” அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஏழு நாற்பது. கிணத்துக்கடவிலிருந்து கிழக்கே ஏழு கிலோமீட்டர், கடைசி இரண்டு மண்பாதை. தென்னந்தோப்பு வாசலில் தோட்டக்காரர் ஆறுச்சாமி நின்றிருந்தார். அறுபதுக்குப் பக்கம், வெள்ளை வேட்டி, தலையில் துண்டு. வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்னால் மூன்று இளநீர் வெட்டிவிட்டார். காசு கொடுக்கப் பார்த்த என்னை, அவர் வீட்டில் எதையோ திருடியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“குளத்துச் சேறுங்களா?” என்று சிரித்தார். “ஏனுங்க அம்மணி, அதைக் கேக்காதீங்க. மொதல்ல கொட்டுன லோடையெல்லாம் பரப்பி ரெண்டு தண்ணி உட்டேன். வந்துச்சு பாருங்க கோரை! ஊசியாட்டம். அப்புறம் சம்பு. தென்னந்தோப்புல சம்பு மொளைச்சு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? தாழைக்கோழி ஒண்ணுதானுங்க பாக்கி.”

தமயந்தியின் திட்டம் சரியாகவே வேலை செய்திருக்கிறது, முப்பத்தோரு கிலோமீட்டர் தள்ளி.

“இப்ப எங்கீங்ணா அதெல்லாம்?” என்று அவர் ஆறுச்சாமியிடம் கேட்டார்.

“மூணு வாட்டி மருந்தடிச்சு, ரொட்டவேட்டர் உட்டு ஓட்டிப்போட்டேன்.”

தோப்புக்குள் பார்த்தேன். உழுத மண், காய்ந்த வைக்கோல் நிறத்தில் சில கோரைத் தாள்கள், சொட்டுநீர்க் குழாய். ஏழு ஏக்கரில் கலந்துவிட்ட அந்தச் சேற்றை இனிப் பிரித்தெடுப்பதற்கு, சாம்பாரிலிருந்து பெருங்காயத்தைத் திரும்ப எடுப்பதற்கான கருவி வேண்டும்.

“கடைசி ரெண்டு லோடு, மூலையில இருக்குதாமே?” என்றார் தமயந்தி.

“அட, அதுங்களா! வாங்க.” ஆறுச்சாமியின் நடை வேகமானது. ஒரு தொழில் ரகசியத்தைக் காட்டப் போகிறவரின் நடை. மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மேடு. பாயை விலக்கினார். மேலே தென்னைநார்க் கழிவு, அதன்கீழே கறுப்பாகச் சேறு. கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு காரமான நெடி.

“ஒருக்கா பட்டேன், இனி ஏமாறுவனுங்களா? கோழி எரு ஒரு அடுக்கு, சேறு ஒரு அடுக்குன்னு போட்டு நாப்பது நாளா மூடி வெச்சிருக்கறேன். உள்ளுக்குள்ள வேகுது. ஒரு வெதை பொழைக்காது.”

தமயந்தி முட்டி போட்டு உட்கார்ந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டார். உடனே எடுத்தார். கை சிவந்திருந்தது. வேறு இடத்தில் விட்டார், எடுத்தார். மூன்றாவது இடத்திலும் விட்டார். சேற்றிலிருந்து ஆவி வந்தது, இட்லிப் பானையைத் திறந்ததுபோல.

“சுடுதுங்களா கண்ணு? நல்ல பக்குவம்” என்றார் ஆறுச்சாமி. அவர் குரலில் துளியும் கேலி இல்லை. விவசாயியாக அவர் செய்தது அத்தனையும் சரி.

தமயந்தி எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது நான் எதையாவது உளறுவது வழக்கம். ஆறுச்சாமியைப் பார்த்து, ஒரு விவசாயி இன்னொரு விவசாயியிடம் பேசும் தோரணையில் சொன்னேன்: “எனக்கும் அதே தொல்லைதானுங்க. மொட்டை மாடியில தக்காளித் தொட்டி வெச்சிருக்கறேன். குளத்து வண்டல்னு மைக் கட்டிக்கிட்டு லோடு ஆட்டோவுல வித்தாங்க, நாலு மூட்டை வாங்கினேன். ஞாயித்துக்கிழமையானா கோரை புடுங்கறதே வேலை.”

தமயந்தி தலையைத் திருப்பினார். “எப்ப சார் வாங்கினீங்க?”

“பிப்ரவரி கடைசியில.”

செல்வராசு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “அது நம்ம மச்சான் வண்டிங்க சார். ரெண்டு லோடு அவன் தனியா வாங்கிட்டுப் போனான்.”

கணக்கு முடிந்தது. முப்பத்தாறு தோப்பில், இரண்டு கோழி எருவில், இரண்டு மச்சானின் லோடு ஆட்டோவில். அதில் நான்கு மூட்டை, கோவையிலேயே மிகவும் சுத்தமாகக் களையெடுக்கப்படும் மாடியில். பதினொரு ஞாயிற்றுக்கிழமை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சதுப்புப் பட்டையின் கடைசி விதைகளை வாரம் தவறாமல், குனிந்து, முதுகு வலிக்க, வேரோடு பிடுங்கிப் பச்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுவந்திருக்கிறேன். அதே வாரங்களில்தான் ‘தாய்வீடு’ என்று பலகைக்கு எழுதினேன்.

திரும்பினோம். செல்வராசு கிரஷரில் எம்-சாண்ட் ஏற்றி, வண்டிகளை ஊருக்குள் விடும் நேரம் வரை காத்திருந்து, பீளமேட்டில் ஒரு கட்டடத்தில் அதைக் கொட்டினார். மதியம் ஒன்றரைக்கு டிப்பர் எங்கள் தெருமுனையில் நின்றது. மாடிக்கு வந்த தமயந்தி தொட்டிகளைப் பார்த்தார். பத்துத் தொட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளிச் செடி, அதைச் சுற்றி வழித்துத் துடைத்தாற்போல் மண். மூன்றாவது தொட்டியில் நகம்போல ஒரு பச்சை தலைகாட்டியது. “கோரை” என்றார். ஆறு மணி நேரத்தில் அவர் சொன்ன முதல் சொல் அது.

என் மனைவி படியேறி வந்து, தக்காளியையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். “வெயில்ல மண்டை கொழம்பிப்போச்சுங்களா?” என்றாள். காரணம் சொன்னேன். குழம்பிப்போனது உறுதியானதில் அவள் நிம்மதியாகக் கீழே போனாள்.

பத்துத் தொட்டி மண்ணையும் நான்கு சாக்கில் கட்டி, பத்துச் சக்கர டிப்பரின் பின்தொட்டியில் வைத்தோம். அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டியின் மூலையில் நான்கு சாக்கு. சிக்னலில் பக்கத்துக் கட்டடத்தின் மாடியிலிருந்து ஒருவர் அதையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

மூன்று இருபதுக்குக் குளம். சாக்கைக் கையால் இறக்கப் போன என்னைச் செல்வராசு தடுத்தார். “வேண்டாமுங்க சார். மேல ஏறிச் சாக்கை அவுத்து உள்ளயே கொட்டுங்க. லோடுன்னா டிப்பர்ல கொட்டுனாத்தான் லோடு. அக்கா கையெழுத்துப் போட்டிருக்கறாங்க.” நெம்புகோலை இழுத்தார். அந்த ராட்சசப் பெட்டி முனகிக்கொண்டு வானத்தைப் பார்க்க நிமிர்ந்தது. பின்கதவு திறந்தது. இரண்டு கூடை மண் சரிந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். தமயந்தி அதைக் கையால் தட்டிப் பரப்பினார். இரண்டு வாழை இலை அளவு வந்தது. முந்நூறு மீட்டரில் இரண்டு வாழை இலை.

உண்மையை எழுதி மேலே அனுப்பிவிடுவதாகத் தமயந்தி சொன்னார். எழுதினார். அந்த வேலை அவரிடமிருந்து போய்விட்டது. இப்போது பொள்ளாச்சியில் ஒரு நர்சரியில் இருக்கிறார். தாளில் இன்னும் நாற்பது லோடு இருக்கிறது. பலகையில் இன்னும் சம்பு தழைக்கிறது.

போகும்போது என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: மழை வரும்வரை அந்த மண் காயக் கூடாது. அதனால் தினமும் காலையில் இரண்டு இருபது லிட்டர் கேனில் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிறேன். குளத்தில் தண்ணீர் இருக்கிறது, பத்தடி தூரத்தில். ஆனால் சதுப்புப் பட்டையைப் பாதுகாக்க நடுவில் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பூட்டின் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பீளமேட்டில் எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குடிதண்ணீர் வருகிறது. குளத்துக்கு வீட்டிலிருந்து தண்ணீர் சுமப்பவனை ஆட்டோக்காரர்கள் இப்போது தூரத்திலேயே அடையாளம் கண்டு விலகிப் போகிறார்கள்.

அந்தக் கோரைத் தளிர் நான்காம் நாள் கருகிவிட்டது. நேற்று ஒரு புதிய பச்சை தெரிந்தது. உடனே படமெடுத்துத் தமயந்திக்கு அனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது: “பார்த்தீனியம் சார். பிடுங்கிடுங்க.”

எனக்கு நன்றாக வரும் வேலை அது ஒன்றுதான். குனிந்து பிடித்தேன். அந்த இரண்டு வாழை இலை மண்ணில் வேறு பச்சை எதுவும் இல்லை. வெகுநேரம் பிடித்தபடியே இருந்தேன்.