மேடம் தூங்கிய இருக்கை

என் அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய சால்வைகளுக்கு அடியில், கருநீலத்தில் ஒரு கண்பட்டை பல வருஷமாகக் கிடந்தது. விமானத்தில் வெளிச்சம் படாமல் தூங்குவதற்குக் கொடுப்பார்களே, அதுதான். தலைக்குப் பின்னால் மாட்டும் எலாஸ்டிக் எப்போதோ தளர்ந்து நூலாகியிருந்தது. வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் என் மகள் அதைக் குப்பையில் போடப் போவாள், நான் பிடுங்கி வைத்துக்கொள்வேன். "அப்படி என்னதாம்மா இருக்கு இதுல" என்று அவள் கேட்டால் பதில் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். முப்பது வருஷம் ஆகப் போகிறது, இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆலைகளுக்கு பாய்லர் வடிவமைத்து வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் பிரிவில் மூத்தவர் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மாமனார், மாமியார், கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு, பின்னலில் ஈரம் சொட்ட பஸ் பிடித்து வருவார். ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் யாராவது வந்து கேட்பார்கள், கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுப்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் யாருடைய குழந்தைக்காவது அது வேண்டியிருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஊர் எத்தனை பெண்களை எத்தனை இடங்களிலிருந்து எழுப்பியிருக்கிறது என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

அந்த வருஷம் ஜெர்மனியில் ஒரு பெரிய வேலை எங்களுக்குக் கிடைக்கும்போல இருந்தது. வரைபடங்களைப் போட்டவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தார் சொன்னார்கள். போட்டவர் மேடம். அவர்களே எங்கள் எம்.டி.க்கும் மேடத்துக்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் அனுப்பிவிட்டார்கள். வரைபடங்களைச் சுமந்துகொண்டு கூடப் போக எனக்கு எங்கள் கம்பெனி செலவில் எகானமி. அலுவலகமே அமர்க்களப்பட்டது. "இன்னா மேடம், பிளேன்ல படுத்துக்கினே போவலாமாமே" என்று டீ கொடுப்பவர் கேட்டார். மாமியார் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாராம். மேடம் பாண்டி பஜாரில் புடவைக்குப் பொருந்தாத ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டார். "பெரிசா ஒண்ணும் வேண்டாம்டி. காலை நீட்டிக்கலாமாம். அது போறும்" என்று என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஆசையை நான் பார்த்தேன். அதற்கு முன்னால் அவர் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

விமானம் விடியற்காலையில். மீனம்பாக்கத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எம்.டி.யைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டமே நின்றது. விஷயம் இதுதான். அவர் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. விசா வரும்வரை பெண் இங்கே, மாப்பிள்ளை மட்டும் திரும்பிப் போகிறார், அதே விமானத்தில், அங்கிருந்து வரும்போதே தானே வாங்கி வைத்திருந்த எகானமி டிக்கெட்டில். சம்பந்தி வீட்டார் மாலையும் பழத்தட்டுமாக வழியனுப்ப வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மாமனார் பிசினஸ் கிளாஸ் வரிசையிலும் மாப்பிள்ளை எகானமி வரிசையிலும் நிற்க நேர்ந்தது. எம்.டி.க்கு முகம் செத்துவிட்டது. நேராக மேடத்திடம் வந்தார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். மாப்பிள்ளை பின்னாடி வர்றார். சம்பந்தி வீட்ல எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் முன்னாடி உக்காந்துகிட்டு அவரைப் பின்னாடி உக்கார வச்சா நல்லாவா இருக்கும்? நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. நம்ம பொண்ணு பக்கத்துலதான் அவர் சீட்டு. உங்களுக்கும் பேச்சுத் துணையா இருக்கும்."

நம்ம பொண்ணு என்றது என்னைத்தான். கவுண்டரில் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். விமானம் மேலே ஏறி, பெல்ட்டைக் கழற்றலாம் என்றதும் மாப்பிள்ளை முன்னால் வருவார், மேடம் பின்னால் போய்விட வேண்டும். இதுதான் ஏற்பாடு, சம்பந்தி வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவிட்டாராம். மேடம் ஒரு நிமிஷம் தன் ஷூவைப் பார்த்தார். "சரி சார்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது மாப்பிள்ளைக்கு மரியாதை செய்ய வேண்டியதுதான், நானும் இந்த ஊர்க்காரிதான், எனக்கும் தெரியும். மாமனாருக்கு அவ்வளவு மரியாதை பொங்கினால் தன் இருக்கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாமே. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான். அந்த டிக்கெட் அவர் வாங்கியதுகூட இல்லை. மேடத்தின் மூளைக்காக ஜெர்மனிக்காரன் அனுப்பியது. அதைத் தன் வீட்டுச் சீர்வரிசையில் சேர்த்துவிட்டார் மனுஷர். மேடமும் சரி என்றுவிட்டாரே என்று அவர்மேலும் எனக்கு எரிச்சல்.

எகானமியில் முதல் வரிசை எங்களுக்கு. முன்னால் ஒரு திரை, அது சரியாக மூடவில்லை. அந்த இடைவெளியில் மேடத்தின் இருக்கை எனக்குத் தெரிந்தது. கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விமானம் மேலே ஏறியது. பணிப்பெண் ஒருத்தி குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். பெல்ட் விளக்கு அணைந்ததும் என் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை தலையைக் கோதிக்கொண்டு எழுந்து போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். "தூங்கறாங்க" என்றார், அசட்டுச் சிரிப்போடு. இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி போனார், மறுபடி வந்தார். பிறகு எம்.டி.யே எழுந்து நின்று "மேடம், மேடம்" என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. திரை இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். இருக்கை பின்னால் சாய்ந்திருந்தது. கருநீலக் கண்பட்டை. கைப்பை இன்னும் மடியில். கேன்வாஸ் ஷூ போட்ட இரண்டு கால்களும் நீட்டியிருந்தன. எம்.டி. தோளைத் தட்டக் கையை நீட்டியபோது பணிப்பெண் குறுக்கே வந்துவிட்டாள். தூங்கும் பயணியை எழுப்ப நாங்கள் அனுமதிப்பதில்லை, உங்கள் இடத்தில் உட்காருங்கள் என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். எங்கள் கம்பெனியில் எம்.டி.யை யாரும் அப்படி உட்காரச் சொன்னது கிடையாது.

தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குகிறாற்போலப் பாசாங்கு செய்கிறவரை எழுப்ப முடியாது என்பார்கள். ஆகா, எங்கள் மேடத்துக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தாரா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு வந்தது, போனது. அவர் அசையவில்லை. இறங்கியதும் கண்பட்டையை என் கையில் திணித்தார். "நீ வெச்சுக்கோ. எங்காத்துல கண்ணை மூடினா நாலு பேர் கூப்பிடுவா. எனக்கெதுக்கு இது" என்றார்.

ஜெர்மனியில் இருந்த நாட்களில் எம்.டி. அவரோடு நேராகப் பேசவே இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு "அவங்ககிட்ட கேளும்மா" என்று என்னிடம் சொல்வார். மேடம் கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார், வேலை எங்களுக்கே கிடைத்தது. ஊர் திரும்பினோம். சில மாதங்களில் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். அந்த இடம் மேடத்துக்குத்தான் என்று காவலாளிக்குக்கூடத் தெரியும். அதற்கு முன்னால் எம்.டி.யிடமிருந்து ஆள்மூலம் தூது வந்தது. சம்பந்தி வீட்டில் மனத்தாங்கலாகிவிட்டது, மேடம் வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டால் போதும் என்று. மேடம் போகவில்லை. அந்த நாற்காலி, வரைபடத்தில் சந்தேகம் வந்தால் மேடத்தின் மேஜைக்கு வந்து நிற்கும் ஓர் ஆணுக்குப் போயிற்று. "வேலை தெரிஞ்சா மட்டும் போதுமா, அட்ஜஸ்ட்மென்ட் வேணும்ல" என்று எம்.டி. எங்கள் காதில் விழவே சொன்னார். ஓய்வு பெறும்வரை மேடம் அதே மேஜையில்தான் இருந்தார்.

நான் இந்தக் கதையைப் பல வருஷம் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பெண்களிடம் கட்டாயம் சொல்வேன். பாருங்கள், வாயைத் திறக்காமல் ஒருத்தி எப்படி எதிர்த்தாள் என்று. விலை கொடுத்தார், ஆனாலும் எதிர்த்தார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் திருவான்மியூரில், மகன் வீட்டில் இருக்கும் மேடத்தைப் பார்க்கப் போனேன். காப்பி கொண்டுவந்த மருமகளை உட்கார வைத்து, உன் மாமியார் செய்த புரட்சி தெரியுமா என்று ஆரம்பித்தேன். மேடம் கடைசிவரை கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடி அசடே, நான் எங்கடி பாசாங்கு பண்ணினேன்? குடுக்கத்தான் உட்கார்ந்துண்டிருந்தேன். அந்தப் பிள்ளையாண்டான் வந்ததும் சட்டுனு எழுந்துக்கணும்னு பையைக்கூடக் கீழ வெக்கலை. ஒரு வாரத்துக்கு மாவரைச்சு, பொடி இடிச்சு, ஆபீஸ்ல படம் முடிச்சு, நாலு நாளா கண்ணை மூடலை. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு வந்து, காலுக்குப் பலகை இருக்குன்னு தூக்கிவிட்டா. வெளிச்சம் குத்தறதேன்னு ரெண்டு நிமிஷம் அந்தப் பட்டையைப் போட்டுண்டேன். காலை நீட்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஃபிராங்க்பர்ட்தான்."

"அப்ப அதையே சொல்லியிருக்கலாமே மேடம். தூங்கிட்டேன் சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பதவி..." என்றேன்.

மேடம் சிரிப்பை நிறுத்தினார். "கல்யாணமானதுலேர்ந்து அன்னிக்கு ஒரு நாள்தான் யாரும் எழுப்பாம தூங்கியிருக்கேன். அதுக்குப் போய் மன்னிப்புக் கேக்க எனக்கு மனசு வரலைடி" என்றார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது பழைய கோபம் புதிதாக மூண்டது. அவர் எதிர்த்தார், அதனால் தண்டித்தார்கள் என்று இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேனே. அவர் எதிர்க்கக்கூட இல்லை. களைத்துப்போன ஒரு பெண் தனக்கென்று கொடுத்த இடத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். அதற்குப் பெயர் திமிர் என்று வைத்தார்கள். அதைவிட, மாப்பிள்ளை முகம் கோணிவிட்டது என்று கவலைப்பட்ட அத்தனை பேரில் ஒருவருக்காவது, இந்த மனுஷி ஏன் இப்படிச் செத்ததுபோலத் தூங்குகிறாள் என்று கேட்கத் தோன்றியதா? எட்டிப் பார்த்துப் பெருமைப்பட்ட எனக்கும் தோன்றவில்லை.

போன மாதம் மறுபடி போனேன். கண்பட்டைக்குப் புது எலாஸ்டிக் தைத்து, கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். மருமகள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் மேடம் புடவைத் தலைப்பைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மேற்கு ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா இப்பதான் கண்ணசந்தாங்க ஆன்ட்டி. நீங்க வந்தா எழுப்பச் சொல்லியிருக்காங்க. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதே" என்றேன். அந்தச் சின்ன வீட்டுக்கு வேண்டாத அளவு கடுமையாக வந்துவிட்டது என் குரல். அந்தப் பெண் மிரண்டு நின்றாள். நான் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கண்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தானாக விழிக்கும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.