போர்மாவுக்காகக் கொடுத்த சேவல்

ஒற்றசேகரமங்கலத்து அண்டி ஆபீசில் ஜெயபாய் மேஸ்திரியாக இருந்தாள். முந்திரிக் கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பு எடுக்கிற இடத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். நாற்பத்திரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து தோல் களைவார்கள். யார் எத்தனை கிலோ என்று ஜெயபாய் எழுதிக்கொள்வாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதுமாக இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஜூன் மாசத்து இடவப்பாதி மழையில் கூரை ஒழுகியது. பருப்பை உலர்த்துகிற சூட்டறையான போர்மாவும் பழசு. அதன் கதவிடுக்கில் புகை கசிந்து, பக்கத்தில் உட்கார்ந்து தோல் களைகிற லீலாபாய் நாளெல்லாம் இருமினாள். முதலாளி ஈசாக் வந்த அன்று ஜெயபாய் அவர் எதிரே போய் நின்றாள்.

“பெண்ணுவ எல்லாம் நனையுது முதலாளி. பருப்பும் நனையுது. ஒரு ஷெட்டும் புது போர்மாவும் வேணும்.”

அவர் கேட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். ஜெயபாய் நாற்பது நாள் விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபித்தாள். கிறிஸ்துமசுக்குள் ஷெட்டும் போர்மாவும் வந்தன. இரண்டு லட்சம் செலவு.

“அக்கா முழங்கால் போட்டா முதலாளி கூரை போடுவாரு. அடுத்தால ஒரு ஃபேனுக்கும் போடுங்க,” என்றாள் லீலாபாய்.

அந்த ஜனவரியில், சபையில் காணிக்கைகளை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு ஜெயபாய் ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏலம் கூறுகிற கனகதாஸ் அவள் எழுதிக் கொடுத்த துண்டை வாங்கிச் சபை கேட்க வாசித்தார்: “புது ஷெட்டுக்கும் போர்மாவுக்கும் ஸ்தோத்திரம்.”

ஏப்ரலில் முதலாளியின் மருமகன் ராபின்சன் கம்பெனியை ஏற்றுக்கொண்டார். அமரவிளை, பாறசாலை, ஒற்றசேகரமங்கலம் என்று மூன்று கிளைகள். இனி ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம். கொட்டை வாங்குவதும் ஆள் எடுப்பதும் பருப்பு விற்பதும் அந்தந்த மேனேஜர் பாடு. வருஷக் கடைசியில் யார் எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்பார்கள். கடைசியாக வருகிற கிளையை மூடுவார்கள்.

பருப்பு நனையாததால் அந்த வருஷம் கழிவு குறைந்தது. ஒற்றசேகரமங்கலத்துக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம் ஆதாயம். அமரவிளைக்கு அறுபதாயிரம்தான். பெண்கள் காசு போட்டு டீக்கடையில் பழம்பொரி வாங்கித் தின்றார்கள். இரண்டு நாள் கழித்து மேனேஜர் மோகனன் வந்து, “சேச்சி, நம்மதான் கடைசி,” என்றார்.

ஜெயபாய் நம்பவில்லை. மறுநாள் அவரோடு பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் இருக்கிற கம்பெனித் தலைமை ஆபீசுக்குப் போனாள். ராபின்சன் மரியாதையாக நாற்காலி காட்டினார்.

“எங்களுக்குத்தான் ஆதாயம் கூடுதல் உண்டு சாரே. பின்ன எப்படிக் கடைசி?”

“ஆதாயத்தை மட்டும் பாத்தாப் போதாது அக்கா. எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்தீங்கன்னாக்கும் பாக்கணும். அமரவிளை கட்டிடம் முப்பது வருஷப் பழசு. வருஷா வருஷம் விலை குறைச்சு எழுதி, கணக்கில இப்ப எல்லாம் சேத்து ரெண்டு லட்சந்தான். அதில அறுபதாயிரம்னா நூத்துக்கு முப்பது. பாறசாலை இருபத்திநாலு. உங்களுக்கு ஷெட்டும் போர்மாவும் சேத்து அஞ்சு லட்சம். நூத்துக்கு இருபத்தொண்ணு.”

ஜெயபாய் விரல் மடக்கிக் கணக்குக் கூட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“ஷெட்டு கட்டாம இருந்தா?”

ராபின்சன் மோகனனைப் பார்த்தார். மோகனன்தான் மெல்லச் சொன்னார். “போட்ட முதல் மூணு லட்சந்தான், சேச்சி. பழைய ஆதாயம் எழுபத்தஞ்சாயிரம். நூத்துக்கு இருபத்தஞ்சு. பாறசாலைதான் கடைசி ஆயிருக்கும்.”

“ஓ,” என்றாள் ஜெயபாய்.

வெளியே வருகிறபோது வாசலில் நின்று இன்னொன்று கேட்டாள். “அந்த போர்மா இனி என்னாகும் சாரே?”

“பொளிச்சுப் பிரிச்சு அமரவிளைக்குக் கொண்டு போவோம்.”

“அப்ப அவியளுக்க கணக்கில ஏறுமே.”

“பழைய சாமானாட்டு அரை விலைக்குத்தான் ஏறும்.”

பஸ்ஸில் மோகனன் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஜூன் மாசம் கிளையை மூடினார்கள். அன்றும் மழை. பெண்கள் கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். மேலே தகரத்தில் சத்தம் பலமாக இருந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை.

“ஒரு வருஷமாவது நனையாம இருந்தோம். அக்கா கேட்டதினாலதான்,” என்றாள் லீலாபாய்.

நெய்யாற்றின்கரையில் கேட்ட கணக்கைச் சொல்ல ஜெயபாய் வாயைத் திறந்தாள். அவர்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மழை விடுது, போங்க மக்கா,” என்றாள்.

வீட்டில் அவள் பழையபடி சமைத்தாள், தூங்கினாள், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனாள். அழுகை வரவில்லை. முழங்காலில் நிற்பாள், கேட்பதற்கு ஒன்றும் வாயில் வராது. எதையாவது கேட்டால் கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எழுந்திருப்பாள்.

அடுத்த ஜனவரியில் அறுப்பின் பண்டிகை வந்தது. வழக்கம்போல ஒரு சேவலின் காலைக் கட்டிக் கொண்டுபோனாள். கனகதாஸ் அதைத் தூக்கிப் பார்த்து, “நல்ல எடை உண்டு,” என்றார். “துண்டு எங்க மேஸ்திரி? என்ன காரியத்துக்குன்னு வாசிக்கண்டாமா?”

“சும்மா ஆக்கும்,” என்றாள் ஜெயபாய். “பேர மட்டும் வாசியுங்க.”

அவர் பேரை மட்டும் வாசித்தார். பாறசாலைக்காரர் ஒருவர் சேவலை நூற்றிருபதுக்கு எடுத்தார்.